பூசையில் வைத்த பை

கார் ஓட்டும்போது என்னுடைய ஒரு காதுதான் வீதியில் இருக்கும். மற்றது பின் இருக்கையில், மகளின் மூச்சில் இருக்கும். அதற்காகவே எங்கள் காரில் ரேடியோ பாடுவதில்லை. மனைவி இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வாள். நான் கேலிக்கு அசைகிற ஆள் இல்லை.

மகளுக்கு ஒன்பது வயது. முட்டு வருத்தம் அவளுக்கு நடை பழகிய காலத்திலிருந்தே இருக்கிறது. இங்கே கியூபெக்கில் டொக்டர்மார் ஆஸ்துமா என்கிறார்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வருகிற விதம் ஒன்றுதான். முதலில் ஒரு வரட்டு இருமல், அடுத்தது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம், அதற்குப் பிறகு தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கும். மூச்சு மருந்து உள்ள நீலப் பம்பை எடுத்து, அதற்குரிய குழலில் பொருத்தி, வாயில் வைத்து அடித்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். பம்ப் கிட்ட இருந்தால் அது ஒரு தொந்தரவு. கிட்ட இல்லாவிட்டால் என்ன என்று நினைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

போன குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். கடைசித் தடவை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நான் டவுன்டவுனில், வேலை செய்யும் உணவகத்தின் சமையலறையில், ஒரு பெரிய சட்டி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். ஏப்ரனைக் கழற்றாமலே மெட்ரோவுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் முகமூடி போட்டபடி எனக்குக் கை காட்டினாள். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இவள் இனிப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை, வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவள். ஒன்றைக் கையில் எடுத்தால் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. கல்வி அமைச்சுக்கு எழுத வேண்டியதை எழுதி, பிரெஞ்சுக்கு இணையத்தில் ஒரு ஆசிரியையைப் பிடித்து, செயின்ட்-மிஷேலில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையை வகுப்பறையாக்கினாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் தலைமை ஆசிரியை. நான் பஸ் டிரைவரும் கன்ரீன்காரனும். மாணவி ஒருத்திதான். அவளும் தலைமை ஆசிரியையின் பிரெஞ்சைத் திருத்துகிற மாணவி.

இலையுதிர் காலம் தொடங்கியதும் மனைவி வேறு கதை எடுத்தாள். "தைப்பொங்கலோடை பிள்ளையைத் திருப்பிப் பள்ளிக்கூடம் விடுவம். அவளுக்குச் சிநேகிதப் பிள்ளையள் வேணும். என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு எவ்வளவு நாளைக்கு இருக்கிறது?"

"குளிர் முடியட்டும்," என்றேன்.

"குளிர் முடிஞ்சா மகரந்தம் வரும். அது முடிஞ்சா காட்டுத்தீப் புகை வரும். நீங்கள் எப்ப விடுவியள்?"

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இப்படி இழுபட்டுக்கொண்டிருக்கையில்தான் நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசை அந்த வருடம் ஒரு வார நாளில், அதுவும் எனக்கு லீவு நாளில் விழுந்தது. பூசைக்குப் புத்தகங்களை வைத்துவிட்டால் அடுத்த நாள் விஜயதசமி விடிகிற வரைக்கும் தொடக்கூடாது. ஊரில் சின்ன வயதில் அந்த ஒரு நாளுக்காகவே நான் சரஸ்வதியைக் கும்பிட்டவன். ஆனால் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட மனைவி ஆயத்தமாக இல்லை. "புத்தகத்தைத் தானே தொடக்கூடாது, படிக்கக்கூடாது எண்டு ஆர் சொன்னது?" என்றாள். வடக்கே லோரன்சியன் மலைகளுக்குப் போவது, இலை ஏன் நிறம் மாறுகிறது, மலை எப்படி வந்தது என்று கண்ணால் பார்த்துப் படிப்பது. வார நாளில் வீதியும் வெறிச்சென்று இருக்கும் என்றாள். மகள் கட்டிலில் ஏறி நின்று துள்ளினாள்.

காலையில் பூசை. படத்துக்கு முன்னால் மேசை விரிப்பு விரித்து, மனைவி தன்னுடைய கணிதப் புத்தகங்களை அடுக்கினாள். நான் என் சமையல் கத்திகளைத் துணியோடு சுருட்டி வைத்தேன். எங்கள் வீட்டில் ஆயுதம் என்றால் அதுதான். மகள் போய்த் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பை அவளுக்கு ஒரு முழுப் பள்ளிக்கூடம். கொப்பி, பென்சில் பெட்டி, கலர்கள், ரப்லெற் கணினி எல்லாம் அதற்குள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பை எதற்கு என்று கேட்கலாம். பை இல்லாவிட்டால் தனக்குப் பள்ளிக்கூடம் மாதிரி இல்லை என்பாள். எங்கே போனாலும் முதுகில் கொழுவிக்கொண்டுதான் போவாள். அவள் அதை அப்படியே மொத்தமாகப் படத்தடியில் வைத்தாள். மனைவி சந்தனத்தைக் குழைத்துப் பைக்கு ஒரு பொட்டும் குங்குமமும் வைத்தாள். "இனி நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம், சரியே?" என்றாள். மூன்று பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம்.

படைத்த கடலையையும் அவலையும் டப்பாவில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம்.

மெற்றோபொலிட்டன் நெடுஞ்சாலையில் வழக்கம் போல நெரிசல். பதினைந்தாம் இலக்க வீதிக்குத் திரும்பி லவாலையும் தாண்டிய பிறகுதான் கார் மூச்சு விட்டது. மனைவி பாடத்தைத் தொடங்கினாள். "அப்பா இப்ப நூறிலை போறார். இந்த வேகத்திலை அரை மணித்தியாலத்திலை எவ்வளவு தூரம்?" மகள் பதில் சொல்ல வாய் திறக்கும்போது ஒரு பிக்கப் வாகனம் சிக்னல் போடாமல் எனக்கு முன்னால் புகுந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"அப்பா, அது பாடத்திலை இல்லை," என்றாள் மகள்.

மலைகள் மெல்ல எழும்பின. முதலில் மஞ்சள்தான் தெரிந்தது, இடைக்கிடை பச்சை. போகப் போக மேப்பிள் மரங்கள் சிவந்து, சரிவு முழுக்கக் குங்குமத்தைக் கொட்டிய மாதிரி இருந்தது. இந்த மலைகள் ஒரு காலத்தில் இமயமலை அளவுக்கு உயரமாக இருந்தவை என்று மனைவி சொன்னாள். மழையும் பனியும் தேய்த்துத் தேய்த்து இவ்வளவுக்குக் கொண்டுவந்துவிட்டதாம். மகள் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு கேள்வி கேட்டாள். இலையின் மஞ்சள் புதிதாக வருகிறதா? இல்லை, அது கோடையிலும் இருந்தது, பச்சை மூடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் சிவப்பு? சிவப்பைத்தான் மரம் இப்போது புதிதாகச் செய்கிறது. ஏன் செய்கிறது, விழப்போகிற இலைக்கு ஏன் நிறம்? தலைமை ஆசிரியை கொஞ்சம் திணறினாள். "அதைப் பேந்து வாசிச்சுப் பாப்பம்," என்றாள்.

அவள் கேள்வி கேட்கிற ஒவ்வொரு முறையும் நான் கேள்வியைக் கேட்கவில்லை, கேள்விக்குப் பின்னால் வருகிற மூச்சைத்தான் கேட்டேன். சுத்தமாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் சந்தோசம் வந்தது. வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன், வந்தது நல்லதுதான் என்று. மனைவி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

பெரிய வீதியை விட்டு மலைப் பாதையில் ஏறி, பள்ளத்தாக்கைப் பார்க்கிற ஒரு இடத்தில் காரை நிறுத்தினோம். மரத்தால் கட்டிய ஒரு மேடை, அதற்குக் கீழே சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதை. வயதான ஆட்கள்தான் நாலைந்து பேர் நின்றார்கள். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. வாயிலிருந்து ஆவி பறந்தது. மகள் இறங்கி ஓடிவிட்டாள்.

"மெல்லமா, பிள்ளை! சால்வையை வாயிலை சுத்து!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினாள்.

கீழே எங்கோ ஒரு விடுமுறை வீட்டில் விறகு எரித்தார்கள். அந்த மணம் காற்றில் ஏறி வந்தது. மற்றவர்களுக்கு அது நல்ல மணம். நான் பின் கதவைத் திறந்து பையை எடுக்கக் குனிந்தேன்.

பை இல்லை.

இருக்கைக்குக் கீழே பார்த்தேன். டிக்கியைத் திறந்து கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன். கடலை டப்பாவையும் தூக்கிப் பார்த்தேன், அதற்குள் பை இருக்கும் போல. அப்போதுதான் சந்தனப் பொட்டு ஞாபகம் வந்தது. படத்தடியில், என் கத்திகளுக்குப் பக்கத்தில், பொட்டும் குங்குமமுமாகப் பை இருந்தது. பைக்குள் முன் பொக்கெற்றில் நீலப் பம்பும் குழலும் இருந்தன. பம்புக்குத்தான் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறோம்.

மனைவி கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"பம்ப் எங்கை?"

"பைக்குள்ளை தானே..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொட்டு வைச்சனீர் தானே? வைக்கேக்கை யோசிக்கேல்லையோ?"

"நீங்களும் பக்கத்திலை நிண்டு கண்ணை மூடிக் கும்பிட்டனீங்கள் தானே!"

அது உண்மை. உண்மை என்பதால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. காரின் முன் பெட்டியில் ஒரு பழைய பம்ப் கிடந்தது ஞாபகம் வந்து, ஓடிப்போய்த் துழாவி எடுத்தேன். குலுக்கி ஒருக்கால் அமத்தினேன். வெறும் காற்று, ஒரு சின்ன உஸ். இரண்டாம் தரம் அமத்த அந்த உஸ்ஸும் இல்லை.

"இப்பவே திரும்புவம்," என்றேன்.

"சத்தம் போடாதேங்கோ. அவளுக்குத் தெரியக்கூடாது. இரண்டு மாசமா ஒண்டும் வரேல்லை. பதறினா அவளுக்கும் பதறும். கொஞ்ச நேரம் பாத்திட்டு, ஆறுதலா இறங்குவம். கீழை ஊர் இருக்கு, பார்மசி இருக்கும்."

"நீர் ஆறுதலா இரும். என்னாலை ஏலாது."

பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு சண்டை பிடித்தோம். தூரத்தில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் காட்சியை ரசிக்கிற மாதிரித் தெரிய வேண்டும் என்பது எங்கள் திட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு வயதானவர் வந்து, மூன்று பேரையும் சேர்த்துப் படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. மகளும் படம் என்றதும் ஓடிவந்து நடுவில் நின்றாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பின்னால் மலை முழுக்கச் சிவப்பு. மகளும் மனைவியும் கமராவைப் பார்க்கிறார்கள். நான் மகளின் நெஞ்சைப் பார்க்கிறேன்.

படம் எடுத்து முடிந்ததும் அவள் மறுபடி சரிவில் இறங்கினாள். "ஒவ்வொரு மரத்திலையும் ஒவ்வொரு இலை எடுக்கோணும், அம்மா சொன்னவ," என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஈர இலைக் குவியலைக் காலால் அளைந்தாள். அதிலிருந்து எழும்புகிற பூஞ்சண மணம் எனக்கு மேலே வரைக்கும் வந்தது. குளிர், புகை, பூஞ்சணம். டொக்டர் கூடாது என்று சொன்ன அத்தனையும் ஓரிடத்தில் கூடியிருந்தன. நான் பாதையின் வாசலில் நின்று அவளையே பார்த்தேன். மரம் மறைத்தால் எட்டிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்தபோதெல்லாம் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. ஒரு வரட்டு இருமல்.

ஒன்றுமில்லை, தூசு, என்று மனைவி வாய்க்குள் சொன்னாள். இரண்டாவது கேட்டது. நான் சரிவில் பாய்ந்து இறங்கினேன். அவள் கை நிறைய இலையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். "நான் தூக்குறன், வா," என்றேன். "நான் என்ன பேபியா?" என்று நடந்து வந்தாள். கார் கதவைத் திறக்கும்போது அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் தொடங்கியிருந்தது.

மனைவி பின்னால் ஏறி அவளைச் சாய விடாமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "மூக்காலை இழு. வாயாலை மெல்ல விடு. மெழுகுதிரி ஊதுற மாதிரி." நான் காரை எடுத்தேன். போன் பார்மசி ஒன்றைக் காட்டியது, அதற்குள் சிக்னல் போய்விட்டது. பாதை தெரிந்த அளவுக்கு இறங்கினேன். வளைவுகளில் ரயர் கத்தியது. இலை பார்க்க வந்த ஒரு பெரிய பஸ் எனக்கு முன்னால் ஆமை மாதிரி ஊர்ந்தது. கோர்ன் அடித்தேன். அது இன்னும் மெதுவானது.

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தோள் ஏறத் தொடங்கியிருந்தது. அவளும் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பை இல்லை எண்டு எனக்குத் தெரியும், அப்பா," என்றாள்.

"என்ன?"

"காரிலை ஏறேக்கையே... தெரியும். பூசையிலை... வைச்சது நான் தானே."

ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "தெரிஞ்சு ஏன் சொல்லேல்லை? ஏன்டி சொல்லேல்லை?" என்று கத்திவிட்டேன். மனைவி பின்னாலிருந்து என் தோளில் அடித்தாள், நல்ல பலமாக.

"சொன்னா நீங்கள்... வரமாட்டியள். எனக்கு மலை... பாக்கோணும்."

"கதைக்காதை, குஞ்சு," என்றாள் மனைவி. "கதைக்காமல் ஊது."

பஸ் ஒரு பக்கம் திரும்பிப் போனது. இனிப் பறக்கலாம் என்று நினைத்தபோது செம்மஞ்சள் கூம்புகள். வீதியின் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மறியல் பலகையோடு ஒரு பெண் நின்று, எதிர்ப் பக்கத்து வாகனங்களை விட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. கியூபெக்கில் இந்தக் கூம்புகளைத் திட்டாத மனிதன் இல்லை, ஆனால் அன்றைக்கு நான் திட்டவில்லை. திட்டுவதற்குக் கூட நெஞ்சில் இடமில்லை. பின்னால் அவள் மூச்சு, மனைவியின் "மெல்ல, மெல்ல", வேறு ஒன்றும் கேட்கவில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து லொறி, கார், இன்னொரு லொறி என்று வந்துகொண்டேயிருந்தன.

காரை வரிசைக்கு வெளியே எடுத்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் பலகையை உயர்த்திக்கொண்டு ஏச வந்தாள். என்னுடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. உப்பு, நெருப்பு, கெதியா, பின்னாலை நிக்கிறன், இவ்வளவுதான் ஒழுங்காக வரும். "மா ஃபீய்! பா த பொம்ப்!" என்று கத்தினேன். என் மகள், பம்ப் இல்லை. அந்தப் பெண் பின் கண்ணாடியால் குனிந்து மகளின் தோளைப் பார்த்தாள். வாக்கிடோக்கியில் ஏதோ வேகமாகச் சொன்னாள். எதிர்ப் பக்கம் நின்றது. எங்களைத்தான் முதலில் விட்டாள்.

பார்மசி ஊரின் பிரதான வீதியில், தேவாலயத்துக்கு எதிரில் இருந்தது. காரைக் குறுக்காகப் போட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். இந்த முறை அவள் மறுக்கவில்லை. அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளம்பெண்தான் அங்கே பார்மசிஸ்ற். மனைவி மருத்துவ அட்டையை நீட்ட, அவள் அட்டையை வாங்காமல் முதலில் பிள்ளையின் முகத்தையும் விரல் நகத்தையும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு நீலப் பம்பையும் புதுக் குழலையும் பிரித்துக்கொண்டு வந்தாள். இரத்த அழுத்தம் பார்க்கிற கதிரையில் மகளை நிமிர்த்தி இருத்தி, தானே முழங்காலில் நின்று அடித்தாள். ஒன்று. காத்திருந்தாள். இன்னொன்று. தணியாவிட்டால் அம்புலன்ஸைக் கூப்பிடுவேன் என்று என்னிடம் சொன்னாள். அது எனக்கு விளங்கியது. அவள் குரலில் பதற்றமே இல்லை.

நான் இருமல் மருந்துகள் அடுக்கியிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடவுளை நினைத்தேனா என்றால் இல்லை. மகளின் தோளைத்தான் பார்த்தேன். ஏறியது. இறங்கியது. ஏறியது. அடுத்த தரம் ஏறும்போது கொஞ்சம் குறைவாக ஏறியது. நான் நம்பவில்லை. அதற்கு அடுத்ததும் குறைவு. பூனைக்குட்டியின் சத்தம் மெலிந்து, மெலிந்து, ஒரு கட்டத்தில் அதைக் கேட்க நான் காதைத் தீட்ட வேண்டியிருந்தது. மனைவி தரையிலேயே இருந்துவிட்டாள். அவளுடைய கம்பளித் தொப்பி கையில் கசங்கிப்போய் இருந்தது.

உதட்டில் நிறம் திரும்பியதும் அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினாள். எங்களிடம் இல்லை, மகளிடம். மகளும் நேராக இருந்து, பெரிய மனுசி மாதிரிப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். எத்தனை வயதிலிருந்து, காலையில் எந்த மருந்து, ஓடினால் வருமா. ஒரு கேள்விக்குக் கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் உடம்பைப் பற்றி அவளுக்கு இவ்வளவு சொல்லத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வழக்கமாக டொக்டரிடம் நான்தான் கதைப்பேன், பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும்.

"எது வந்தால் உனக்குக் கூடுகிறது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மகள் விரலை மடக்கினாள். குளிர். விறகுப் புகை. பூனை. நாலாவது விரலை மடக்கக் கொஞ்சம் யோசித்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கான் பாபா அ பெர்."

அப்பா பயப்படும்போது.

எனக்கு வராத பிரெஞ்சு எவ்வளவோ இருக்கிறது. அது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் விளங்கியது. அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், உடனே கண்ணைத் திரைக்குத் திருப்பினாள். மகள் விடவில்லை, விளக்கமும் சொன்னாள். அப்பா என்னைப் பார்க்கிறபோது எனக்கு வரப்போகிறது என்று தெரியும், அப்போது வந்துவிடும் என்றாள். புகார் மாதிரிச் சொல்லவில்லை. இலை ஏன் மஞ்சளாகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

சரிவில் அவள் நிமிர்ந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தது இதற்குத்தானா? என்னுடைய காவல்தான் அவளுக்கு மணி அடித்ததா? ஒன்பது வயதுப் பிள்ளை பம்ப் இல்லாமல் மலையேறத் துணிந்தது, என் பயந்த முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்கத்தானா? அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தையும் அவள் பார்த்துவிடுவாளே என்று வேறு.

மனைவி தரையிலிருந்து எழும்பி வந்தாள். பிரெஞ்சு வேகமாகப் போனதில் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது. "எது வந்தாக் கூடுதாம்? என்ன சொல்லுறாள்?" என்று என்னைக் கேட்டாள்.

"குளிராம். புகையாம். பூனையாம்," என்றேன்.

மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். குழலை மடியில் வைத்தாள்.

"நாலு சொன்னனான், அப்பா," என்றாள் தமிழில்.

அவளே சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு விளங்குகிற பாசையில்தான் கதைத்தாள். ஆனால் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தாள். மனைவியும் காத்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றிருந்தன.

"நான் பயந்தாலும் வருதாம்," என்றேன்.

ஏதாவது சொல்வாள் என்று மனைவியைப் பார்த்தேன். அப்படியா என்று கேட்பாள், இல்லையென்று மகளை அதட்டுவாள், குறைந்தது ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அவள், இனித் தான் ஓட்டுகிறேன் என்கிற மாதிரி, என் கையிலிருந்த கார்த் திறப்பை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது புதிய சேதி இல்லை.